காரணம் என்ற கட்டம்

மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு முல்லைத்தீவு வீதியில் கொஞ்சம் உள்ளே வந்தால் எங்கள் கடை. போட்டோக் கொப்பி, லமினேட்டிங், ரீலோட், படிவம் நிரப்புதல் என்று தகரத்தில் எழுதியிருக்கும். கொப்பிக்கும் ரீலோட்டுக்கும் வருகிறவர்கள் நின்றபடியே அலுவல் முடித்துப் போய்விடுவார்கள். படிவத்துக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். ஒரு கதிரை, ஒரு தேத்தண்ணி, பிறகு சொப்பின் பையிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும் கடதாசிகள்: பிறப்புப் பதிவு, கலியாணப் பதிவு, இறப்புப் பதிவு, முகாம் அட்டை, புனர்வாழ்வுச் சான்றிதழ். அரசாங்கத்தின் அஸ்வெசும நிவாரணக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும் நாட்களில் இருட்டும்வரை எழுதியிருக்கிறேன். தொடக்கத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என்று நாலு படி இருந்தது. வீட்டுக் கூரை என்ன, மாடு எத்தனை, கரண்ட் பில் எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு ஆளை ஒரு படியில் நிறுத்துவார்கள். அடுத்தவரின் இல்லாமையை என் கையெழுத்தில் எழுதி எனக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் 2024 ஆனி மாதம், ஒரே வாரத்தில் என் கையால் போன இரண்டு பேருடைய கடதாசிகள் இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை. எழுதலாமா வேண்டாமா என்று நெடுநாள் இழுத்துவிட்டேன். சரி, எழுதிவிடுகிறேன்.

முதலாமவர் பட்டா என்கிற சின்ன லொறி ஒன்றில் வந்தார். அநுராதபுரம் பக்கத்திலிருந்து பிளாஸ்ரிக் கதிரை, பாய், வாளி ஏற்றிவந்து எங்கள் ஊர்களுக்குள் விற்கிறவர்கள் அவர்கள். மைத்துனர் ஓட்டுவார், இவர் பக்கத்தில் இருந்து ஒலிபெருக்கியில் விலை சொல்வார். இறங்கி வரும்போதே நடையில் தெரிந்துவிட்டது. இங்கே வளர்ந்த எங்களுக்கு அந்த நடை தெரியும். முழங்காலுக்குக் கீழே பொய்க்கால் போட்டவர் எந்தக் காலில் போட்டிருக்கிறார் என்று, மணலில் வைக்கிற அடியைப் பார்த்தே சொல்லிவிடுவோம். "நங்கி, இதெல்லாம் தெளிவா வேணும், ரெண்டு செட்" என்று ஒரு பிளாஸ்ரிக் உறையை நீட்டினார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம். இரண்டையும் கூட்டினால் ஒரு ஆள் பேசுகிற அளவுக்கு வரும்.

உறைக்குள் பதினொரு பக்கம். பெரும்பாலும் சிங்களம், இரண்டு ஆங்கிலம். கொப்பி எடுக்கிறவள் வாசிக்கக் கூடாது என்று எனக்கு நானே வைத்திருக்கிற ஒரு ஒழுங்கு உண்டு. அன்றைக்குக் கண் போய்விட்டது. எந்தப் படைப்பிரிவு, எந்தத் திகதி, காலை எத்தனை மணி, என்ன வெடித்தது, எந்தக் கால், முழங்காலுக்குக் கீழே எவ்வளவு மிஞ்சியது என்று வரிசையாகத் தட்டச்சில் இருந்தது. 2008 டிசம்பர், கிளிநொச்சிக்குத் தெற்கே. அந்த டிசம்பரில் எனக்குப் பதினேழு வயது. நிஷா புயல் ஊற்றிய மழையில் ஊறிப்போன நிலத்தில், தருமபுரத்தில், தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். நாங்கள் அங்கே இருந்து கேட்ட சத்தங்களில் ஒன்று இந்தக் கடதாசியில் மணி நேரத்தோடு பதிவாகியிருக்கிறது என்று பட்டதும் கை அப்படியே நின்றுவிட்டது. அதற்கு அடுத்த பக்கம் பதக்கச் சான்று. ரண சூர பதக்கம. இலங்கைப் படையினரின் வீரப் பதக்கங்களில் பரம வீர விபூஷணய உச்சியில் இருப்பது. இது கீழ்ப்படியில் இருப்பது. ஆனாலும் எதிரிக்கு முன்னால் காட்டிய துணிவுக்கென்று ஆளின் பெயர் சொல்லிக் கொடுப்பது.

"பதக்கமே இருக்கு. பிறகேன் பென்சனுக்கு இவ்வளவு கடதாசி?" என்று கேட்டேன்.

"பதக்கத்தால வருசம் கூடாது நங்கி. கால் போனதாலயும் வருசம் கூடாது. அவங்களுக்குப் பன்னிரண்டு வேணும். என்னட்டை ஏழுதான் இருக்கு."

பன்னிரண்டு வருடச் சேவை நிறைவதற்கு முன்னமே காயத்தால் விலக்கப்பட்ட படையினரின் பிரச்சினை அது. 2016 நவம்பரில் அவர்கள் ஊன்றுகோல்களோடு கொழும்பு கோட்டையில் வந்து இருந்ததையும் பொலிஸார் அவர்களைக் கலைத்ததையும் நாங்கள் இங்கே தொலைக்காட்சியில் பார்த்தோம். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தவராம். தனக்குக் காயத்துக்கென்று வருகிறது சிறிய தொகை, முழு ஓய்வூதியம் இல்லை என்று சொன்னார். "என்னோட நிண்டவன் அதே இடத்தில செத்தான். அவன்ட மனிசிக்கு அவனுக்கு 55 வயசு வரும்வரைக்கும் சம்பளம் போகும். அது நல்லது, போகத்தான் வேணும். ஆனா நான் சாகயில்லை, அதுதான் பிழை" என்றார். பக்கத்துக்குப் பத்து ரூபாய்ப்படி எண்ணித் தந்துவிட்டுப் போனார்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை அக்கா வந்தார். எங்கள் ஒழுங்கையில் நாலாவது வீடு. சொந்தமில்லை, ஆனால் பிறந்ததிலிருந்து அக்கா என்றே கூப்பிட்டுப் பழக்கம். 2000-ஆம் ஆண்டு சித்திரையில், ஆனையிறவு விழுந்த நாட்களில், அவருக்கு வலது கால் போனது. 2009 வைகாசிக்குப் பிறகு ஓமந்தையில் பதிந்து, புனர்வாழ்வுக்குப் போய் வந்த சுமார் 12,000 முன்னாள் புலிப் போராளிகளில் ஒருவர். ஆடு நாலு, கொஞ்சம் கோழி, ஒரு தையல் மெசின். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு அந்த வருடம்தான் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகியிருந்தது. அதற்குப் படிவம் போட வந்தார். பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். பிறகு ஒரு கட்டம் வந்தது. ஒரு பெருவிரல் அகலம்தான் இருக்கும். ஊனம் ஏற்பட்ட காரணம்.

"விபத்து எண்டு எழுது பிள்ளை."

"என்ன விபத்து எண்டு கேட்டால் அக்கா?"

"காணி துப்புரவாக்கேக்க மிதிவெடி எண்டு சொல்லுறன். அது இஞ்ச கனபேருக்கு நடந்ததுதானே."

எழுதினேன். 'விபத்து.' நாலு எழுத்து. நீல மை.

வருசத்துக்குத்தான் காசு

அன்றிரவு நித்திரை வரவில்லை. பதினொரு பக்கத்தையும் அந்த நாலு எழுத்தையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவருடைய கால் போன மணி நேரம்கூட அரசாங்கத்திடம் இருக்கிறது, இருந்தும் காசு முழுதாக வரவில்லை. இன்னொருவருடைய காலுக்குக் கதையே இல்லை, கதையை அழித்தால்தான் காசு. காசு எதற்காகத்தான் கொடுக்கிறார்கள்? துணிவுக்கா, நின்ற வருடங்களுக்கா, போன உறுப்புக்கா? கையில் போனை எடுத்து, மற்ற நாடுகளில் பதக்கக்காரர்களுக்கு என்ன செய்கிறார்கள் என்று தேடத் தொடங்கினேன். அது சில வாரம் இரவு இரவாக நீண்டது.

பிரித்தானியாவின் விக்டோரியா கிராஸில் இந்தப் பழக்கம் பழையது. 1856-இல் அதை உருவாக்கிய அரச ஆணையிலேயே பதக்கத்தோடு வருடத்துக்கு 10 பவுண் என்று எழுதியிருந்தார்கள். அதிகாரிகளுக்குக் கிடையாது, சாதாரணச் சிப்பாய்க்கும் மாலுமிக்கும் மட்டும். ஏழைக்குப் பதக்கம் வயிறு நிறைக்காது என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஆனாலும் 10 பவுணும் வயிறு நிறைக்கவில்லை. பதக்கத்தை விற்றவர்களும் ஏழை விடுதியில் செத்தவர்களும் உண்டு. பிறகு கூட்டிக் கூட்டி, 2015-இல் வருடத்துக்கு 10,000 பவுண் ஆக்கினார்கள். இதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அதே ஆணையில் இருந்த இன்னொரு வாசகம்: பதக்கக்காரன் இழிவான குற்றம் செய்தால் பதக்கமும் போகும், காசும் போகும். அப்படி எட்டுப் பேரிடம் பறித்திருக்கிறார்கள். அதில் ஒருவர் செய்த குற்றம் மாடு திருடியது. இன்னொருவர் திருடியது ஓட்ஸ் தானியமும் கொஞ்சம் வைக்கோலும். 1920-இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், ஒருவன் கொலைக்குற்றத்துக்காகத் தூக்குமேடை ஏறினாலும் அந்தப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு ஏற விடவேண்டும் என்று நிலைப்பாடு எடுத்தார். நல்ல வார்த்தைதான். ஆனால் மாடு திருடியவர் ஏன் திருடினார் என்று யாராவது கேட்டார்களா என்பதுதான் எனக்கு வந்த கேள்வி.

இந்தியாவில் இது மாதக் கணக்கு. 2017 ஓகஸ்டிலிருந்து பரம் வீர் சக்கரத்துக்கு மாதம் 20,000 இந்திய ரூபாய், மகாவீர் சக்கரத்துக்கு 10,000, வீர் சக்கரத்துக்கு 7,000. எல்லாம் அதற்கு முன் இருந்ததன் இரண்டு மடங்கு. பரம் வீர் சக்கரம் 21 பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது, அதில் 14 பேருக்கு இறந்தபின். அந்த 21 பேரில் ஒருவர் எங்கள் மண்ணில் செத்தவர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், அமைதிப்படை என்று இங்கே வந்த இந்திய இராணுவத்தில் நின்றவர். தமிழ்ப் பெற்றோருக்குப் பம்பாயில் பிறந்தவர். 1987 நவம்பர் 25, யாழ்ப்பாணத்துக் கந்தரோடைப் பக்கம். சுட்டவர்களும் தமிழர், செத்தவரும் தமிழர். இந்தியன் ஆமி என்றால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வருகிற முகம் வேறு. அந்த முகத்துக்குக் காரணமும் உண்டு. இருந்தாலும் அந்தப் பெயரை வாசித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த மனிதருடைய வீட்டுக்கு மாதா மாதம் அந்தக் காசு ஒழுங்காகப் போகவேண்டும் என்றுதான் தோன்றியது.

அப்படி வீட்டுக்குப் போகிற காசைப் பற்றித்தான் நான் அதிக நேரம் வாசித்தேன். இந்தியாவில் பதக்கக்காரர் இறந்தால் அந்த மாதக் காசு மனைவிக்குப் போகும். முன்பு, மனைவி மறுமணம் செய்தால் நின்றுவிடும் என்று இருந்தது. ஆனால் இறந்தவரின் அண்ணனையோ தம்பியையோ கட்டினால் நிற்காது. 2017 நவம்பரில்தான் இந்த நிபந்தனையை நீக்கினார்கள். இதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எத்தனை பெண்கள் அந்தக் காசுக்காகக் கொழுந்தனுக்குக் கழுத்தை நீட்டியிருப்பார்கள், எத்தனை பேர் காசை விட்டுவிட்டு மனதுக்குப் பிடித்தவரோடு போயிருப்பார்கள், எத்தனை பேர் இரண்டும் வேண்டாம் என்று அப்படியே இருந்திருப்பார்கள்? வீரத்துக்கென்று கொடுத்த காசு அவள் படுக்கையறை வரைக்கும் வந்து நின்று, இன்னார் என்றால் சரி, இன்னார் என்றால் இல்லை என்று சொல்லியிருக்கிறது. வன்னியில் எனக்குத் தெரிந்த வீடுகளில் பாதிக்கு மேல் பெண்கள்தான் குடும்பத்தைக் கொண்டுபோகிறார்கள். காசுக்குப் பின்னால் வருகிற இந்தக் கண் எப்படியிருக்கும் என்று எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஒரு சைக்கிள் வாசலில் நின்றால் கொடுப்பனவு வெட்டுப்படுமோ என்று பயப்படுகிற அக்காமார் என் கடைக்கு வருகிறார்கள்.

கூர்க்காக்காரர் துல் பகதூர் புன் பற்றியும் அந்த நாட்களில்தான் அறிந்தேன். 1944-இல் பர்மாவில் சண்டையிட்டு விக்டோரியா கிராஸ் பெற்றவர். வயதுபோய், நோயோடு, வைத்தியத்துக்காகப் பிரித்தானியாவுக்கு வரக் கேட்டபோது, நாட்டோடு போதிய தொடர்பு இல்லை என்று விசா மறுத்தார்கள். பத்திரிகைகள் எழுதி, சனம் கொதித்த பிறகு 2007-இல் விட்டார்கள். உயிரைக் கொடுக்கப் போனது தொடர்பு ஆகாதாம்.

முன்வரிசை

எங்கள் பக்கத்தைப் பற்றியும் உள்ளபடி சொல்லவேண்டும். வன்னியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஒரு காலத்தில் இங்கேயும் முன்வரிசை இருந்தது. மாவீரர் குடும்பம் என்றால் நிகழ்வுகளில் முதற் கதிரை, பொதுச்சுடர், மாலை. இன்றைக்கும் கார்த்திகை 27-க்கு முந்திய நாட்களில் ஊர் ஊராக மாவீரர் பெற்றோரைக் கூப்பிட்டு மதிப்பளித்து, கையில் ஒரு தென்னங்கன்று கொடுத்து அனுப்புகிறார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மாவுக்கு மூன்று கன்று கிடைத்து, மூன்றும் வேலியோரம் நிற்கின்றன. ஒன்று பாளை விட்டுவிட்டது. அவர் பின்னேரங்களில் அதற்குப் பெயர் சொல்லித்தான் தண்ணீர் ஊற்றுவார். அதைப் பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த நிகழ்வுகளில் அக்கா எங்கே இருப்பார் என்று நான் பார்த்திருக்கிறேன். பின்னால், பந்தல் கயிறு கட்டிய மரத்துக்குப் பக்கத்தில், கால் நோகும்போது சாய வசதியாக. உயிரோடு திரும்பி வந்தவர்களுக்கு எந்த வரிசை என்று இந்தச் சமூகம் இன்னும் முடிவு செய்யவில்லை. சிலர் வேலையில்லாமல் விசுவமடுவில் படையினரின் மேற்பார்வையில் இருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களப் பண்ணைக்குப் போனபோது, அவர்களைப் பற்றி என்ன கதைத்தோம் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நானும் கதைத்திருக்கிறேன். மாதச் சம்பளம் என்று ஒன்று வருகிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது என்று அவர்கள் சொன்னதைக் காதில் எடுக்கவில்லை.

ஆனையிறவில் ஏ9 வீதியோரம் ஒரு பழைய கவச புல்டோசர் நிற்கிறது. 1991 யூலை 14 அன்று, இராணுவ முகாமை நோக்கிப் புலிகள் கொண்டுவந்த அதன்மேல் கைக்குண்டுகளோடு ஏறி உயிரைவிட்டவர் கோப்ரல் காமினி குலரத்ன. பரம வீர விபூஷணய முதன்முதலில் அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிப் படம் எடுப்பார்கள். அக்கா தன் பொய்க்காலைத் திருத்த யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைக் கடந்துதான் போகவேண்டும். கால் போன இடமும் அதே பக்கம்தான். ஒருமுறை துணைக்கு நானும் போனேன். பரந்தன் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டார், இயக்கச்சி வந்ததும் திறந்தார். நித்திரையா என்று கேட்டேன். "இல்லை, வெளிச்சம்" என்றார். உப்பு வெளி என்றால் கண் கூசத்தான் செய்யும். நான் அதற்கு மேல் கேட்கவில்லை.

காணாமலாக்கப்பட்டவர்களின் அம்மாமாரைப் பற்றியும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 தொடங்கிய அவர்களின் போராட்டம் இன்றுவரை ஓயவில்லை. 2022-இல் அரசாங்கம் ஒரே தடவையாக ஒரு லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னபோது வேண்டாம் என்றார்கள். பிள்ளை எங்கே என்ற கேள்விக்குக் காசு பதில் இல்லை என்றார்கள். அது சரியான கோபம். அந்தக் காசை வாங்கினால் கதை முடிந்தது என்று ஆகிவிடும். அக்காவின் 7,500-க்கோ கதை தொடங்கவே கூடாது.

கதிரை வாங்கிய நாள்

ஆடி மாதம் பட்டா திரும்பி வந்தது. ஏதோ ஒரு பக்கம் மங்கலாக இருக்கிறது என்று அலுவலகத்தில் திருப்பிவிட்டார்களாம். கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அவர் கதிரையில் இருந்து, களுசானை முழங்கால்வரை உயர்த்தி, பொய்க்காலின் வாரைத் தளர்த்தினார். காலைக் கழற்றவில்லை, காற்றுப் பட விட்டார். அந்த நேரத்தில்தான் அக்கா தையல் நூல் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். வந்தவர் திரும்பிப் போகவில்லை. நின்று பார்த்தார். எனக்குத் தொண்டை வரண்டுபோனது. என்ன நடக்குமோ என்று அல்ல, எதையாவது நான் மொழிபெயர்க்க வேண்டி வருமோ என்று.

"சொக்ஸ் எத்தினை போடுறார் எண்டு கேள் பிள்ளை" என்றார் அக்கா.

கேட்டேன். காலையில் ஒன்று, மத்தியானத்துக்குப் பிறகு இரண்டு என்றார். வெட்டிய கால் பின்னேரம் ஆக ஆகச் சுருங்குமாம், கால் உள்ளே ஆடத் தொடங்குமாம், ஆடினால் கொப்புளமாம். அக்கா தலையை ஆட்டினார். தனக்கு மூன்று வேண்டும் என்றார், அதுவும் பழைய சொக்ஸ் என்றபடியால். பிறகு அவர்கள் இருவரும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் கதைத்தார்கள். எந்தப் பவுடர் போட்டால் வேர்வை ஊறாது, கிரவல் ரோட்டில் எந்த இடத்தில் பாதம் முதலில் வெடிக்கும், இரவில் இல்லாத விரல் கடித்தால் என்ன செய்வது. அவருக்கு றாகமவில் இராணுவத்தின் ரணவிரு செவண நிலையத்தில் கால் செய்து தருகிறார்கள். சப்பாத்துப் போட்டு நடக்கச் செய்த கால். அக்காவினது ஜெய்ப்பூர் கால், ரப்பரில் விரல் எல்லாம் வைத்து, வெறுங்காலோடு நடக்கவென்றே செய்தது. "வயலுக்குள்ள சேத்தில இறங்கலாம், கழுவினால் சரி" என்று அக்கா பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். மண்ணிறம் மங்கி, பெருவிரல் நுனி தேய்ந்து, குதியில் ஒரு சைக்கிள் ரியூப் துண்டு ஒட்டியிருந்தது. அவர் அந்தக் காலை நெடுநேரம் பார்த்தார். அவர்களும் வயல்காரர்தானாம். கால் போன நாளிலிருந்து சேற்றில் இறங்கவில்லையாம்.

பிறகு அவர் கேட்டார், எங்கே போனது என்று. நான் மொழிபெயர்க்க முன்னமே அக்காவுக்கு விளங்கிவிட்டது. ஒருமுறை என்னைப் பார்த்தார். நான் வாயில் 'விபத்து' என்ற சொல்லைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஆனையிறவு" என்றார் அக்கா. "இரண்டாயிரம்."

அவர் கொஞ்சம் பேசாமல் இருந்தார். "நான் அப்ப பள்ளிக்கூடம்" என்று மட்டும் சொன்னார். பிறகு வாரை இறுக்கினார். அக்கா வெளியே போய்ப் பட்டாவில் இருந்த கதிரைகளைத் தட்டித் தட்டிப் பார்த்து, சிவப்பில் ஒன்றை எடுத்து, சொன்ன விலையில் இருநூறு குறைத்துக் கொடுத்துவிட்டு, அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

இதைத்தான் நான் இவ்வளவு நாளும் சுமந்துகொண்டிருக்கிறேன். அரசாங்கப் படிவத்துக்கு மறைத்ததை அக்கா ஒரு சிங்களச் சிப்பாய்க்கு மறைக்கவில்லை. அவரிடம் சொன்னால் ஒன்றும் குறையாது என்று தெரிந்திருக்கிறது. இரண்டு பேரும் சமாதானம் ஆனார்கள் என்று நான் சொல்லவரவில்லை. அன்றிரவு ஆட்டுக்குக் குழை போடப் போனபோது அக்கா கோபத்தில் இருந்தார். "அவனுக்குக் காசில்லாமல் கால். எனக்கு யாழ்ப்பாணம் போய்வர பஸ் காசுக்கு ஒரு கோழி விக்கவேணும்" என்றார். கொஞ்சம் கழித்து, "அவனுக்கும் ஒழுங்கா வரேல்லையாம் என்ன?" என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார்.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். துணிவுக்கு ஒரு நாடு காசு கொடுக்க விரும்பினால் கொடுக்கட்டும். அது அந்த நாடு தன் கதையைத் தனக்கே சொல்லிக்கொள்கிற முறை, யாருடைய துணிவு என்று அதுதான் தெரிந்தெடுக்கும். வேலை செய்த வருடங்களுக்கு ஓய்வூதியம் கடன், அதைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கவேண்டும். ஆனால் போன காலுக்கான காசை இந்த இரண்டோடும் கலக்கக் கூடாது. கலந்தபடியால்தான் பதக்கம் வைத்திருக்கிறவர் வருடம் போதாமல் அலைகிறார், அக்கா பொய் எழுதுகிறார். காலுக்கு வருடமும் வேண்டாம், வீரமும் வேண்டாம், காரணமும் வேண்டாம். கால் இல்லை என்பதைப் பார்த்தால் தெரியும். பொய்க்காலுக்கு ஆயுள் ஒரு சில வருடம்தான், பிறகு புதிது வேண்டும். சொக்ஸ் வேண்டும், வார் வேண்டும், நிலையத்துக்குப் போய்வரக் காசு வேண்டும். இதை ஆனையிறவில் போனவருக்கும் கிளிநொச்சியில் போனவருக்கும், விறகு பொறுக்கப்போய் மிதிவெடியில் போன பிள்ளைக்கும், சீனி வருத்தத்தில் வெட்டிய தாத்தாவுக்கும் ஒரே அளவாகக் கொடுக்கலாம். 2018-இல் இழப்பீட்டுக்கென்று ஒரு சட்டமே போட்டு அலுவலகமும் வைத்த நாடு இது. ஒரு படிவத்திலிருந்து ஒரு கட்டத்தை எடுப்பது இவர்களால் முடியாத காரியம் இல்லை.

இதை வீட்டில் சொன்னபோது மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "எங்கட பிள்ளையளையும் அவங்களையும் ஒரு தராசில வைக்கிறியா?" என்று கேட்டார். தெற்கில் ஒரு தாய் இதையே மறுபக்கத்திலிருந்து கேட்பார் என்பதும் எனக்குத் தெரியும். மாமாவின் இரண்டு பிள்ளைகளும் இல்லை. அவருக்கு நான் பதில் சொல்லவில்லை, அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. ஆனால் நான் தராசைப் பற்றிப் பேசவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு மூன்றாவது சொக்ஸைத் தேடுகிற ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன்.

பட்டா அதற்குப் பிறகு இரண்டுமுறை வந்தது. அலுவல் முடிந்ததா என்று கேட்டால் கையை விரிக்கிறார்.

போன கிழமை அக்காவின் விபரங்களைப் புதுப்பிக்க மறுபடியும் ஒரு படிவம் வந்தது. சிவப்புக் கதிரையை அவரே எடுத்துவந்து என் மேசைக்கு முன்னால் போட்டு இருந்தார். என் கடைக் கதிரை காலுக்கு உயரம் காணாதாம். பெயர், முகவரி, இலக்கம் எழுதினேன். அந்தக் கட்டம் வந்தது. பேனையை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன்.

"போன முறை என்ன எழுதின?"

"விபத்து."

"அப்ப அதையே எழுது. மாத்தினால் கேள்வி கேப்பினம்."

எழுதினேன்.